தேஞ்சுதான் போச்சா? முழங்கால் தண்ணியின் வரலாறு

போன வருசம் எங்களில் ஒருத்தியோட அம்மாயிக்கு வலது முழங்கால் வீங்கிப்போச்சு. ரெண்டு நாள் ஒத்தடம், மூணு நாள் தைலம், ஒன்னுக்கும் அடங்கல. கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டொக்டர் முழங்கால் சில்லுக்குப் பக்கத்தில் ஊசியை இறக்கித் தண்ணி எடுத்தார். இளமஞ்சள் நிறம், எழுத்தை அதுக்குப் பின்னால் வைத்தால் வாசிக்கலாம் போலத் தெளிவு. சிரிஞ்சிலிருந்து ஒரு சொட்டை மெதுவாகக் கீழே விட்டார். அது தண்ணியைப் போலச் சொட்டவில்லை. நூல் மாதிரி கொஞ்சம் இழுபட்டு, பிறகு அறுந்தது.

"கிருமி இருக்கிற மாதிரி தெரியல. எதுக்கும் டெஸ்ட்டுக்கு அனுப்புவோம். தேய்மானம்தான் அம்மா," என்றார்.

"தேயாம என்னங்க ஐயா செய்யும், நாப்பது வருசம் மலை ஏறி எறங்குன காலு," என்றார் அம்மாயி.

ரெண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னாங்க. ஆனா எல்கடுவ பஸ்ஸில் திரும்பி வரும்போது எங்களுக்கு அந்தச் சொல் உறுத்திக்கிட்டே இருந்தது. தேய்மானம் என்றால் செருப்பு தேய்வது மாதிரியா? செருப்பு தேஞ்சா வீங்காதே. அப்புறம் அந்தச் சொட்டு நூலா இழுபட்டதைப் பார்த்து டொக்டருக்கு என்ன தெரிஞ்சது? அதைப் பார்க்கணும்னு முதலில் யாருக்குத் தோணியது? இப்படிக் கேட்டுக் கேட்டுத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுறோம். இது முழங்காலுக்குள் இருக்கும் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான திரவத்தின் வரலாறு. அந்த வரலாற்றில் நம்ம தோட்டத்து முழங்கால்களுக்கு இடம் எங்கே என்கிற கேள்வியும் கூடவே வருது.

வண்டி மையும் முட்டை வெள்ளையும்

மூட்டுக்குள் வழவழப்பா ஒன்னு இருக்கு என்பது நம்ம பக்கத்தில் பழைய அறிவு. சுஸ்ருத சம்ஹிதை மூட்டை வண்டிச் சக்கரத்தோடு ஒப்பிடுகிறது: அச்சுக்கு எண்ணெய் பூசினால் சக்கரம் சுகமா ஓடுவது போல, கபம் பூசிய மூட்டும் சுகமா இயங்கும் என்கிறது. சித்த மருத்துவமும் ஐயத்தை அஞ்சு வகையாகப் பிரித்து, மூட்டுகளில் இருந்து அவற்றைப் பொருத்தி இலகுவா அசையவைக்கும் வகைக்குச் 'சந்திகம்' என்று பேர் வைத்தது. வண்டி மை போடாத சக்கரம் எப்படிக் கத்தும் என்று தெரிஞ்ச மனுசங்க யோசிச்ச உவமை அது. மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். அதுக்கு முன்னால் இங்கே விளைந்த கோப்பி எல்லாம் மாட்டு வண்டியில்தான் இறங்கியது. இந்த உவமை இங்கே யாருக்கும் விளக்கம் சொல்லாமலே புரிந்திருக்கும்.

ஐரோப்பாவில் இந்தத் திரவத்துக்கு இன்று வழங்கும் 'சினோவியா' என்ற பெயரை உண்டாக்கியவர் 16ஆம் நூற்றாண்டின் வைத்தியர் பராசெல்சஸ். முட்டையைக் குறிக்கும் சொல் அதுக்குள்ளே ஒளிஞ்சிருக்கு என்று பொதுவா விளக்கம் சொல்றாங்க. முட்டை வெள்ளைக்கருவைப் போல வழுக்குவதால் அந்தப் பெயர். 1691இல் லண்டனில் கிளொப்டன் ஹேவர்ஸ் எலும்புகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். மூட்டுக்குள் இருக்கும் சில கொழுப்புத் திரள்களைச் சுரப்பிகள் என்று நினைத்து, அவைதான் இந்தக் குழகுழப்பைச் சுரக்கின்றன என்று எழுதினார். அது தவறு என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் மூட்டைத் திறந்து, 'இது எங்கிருந்து வருகிறது' என்று கேட்டவர் அவர்.

அடுத்தவர் வில்லியம் ஹன்டர். 1743இல் மூட்டுக் குருத்தெலும்பின் அமைப்பையும் நோய்களையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கோழிக்கால் சாப்பிடும்போது எலும்பு முனையில் வெள்ளையா, பளபளன்னு ஒரு உறை இருக்குமே, அதுதான் குருத்தெலும்பு. அது ஒருமுறை அழிந்தால் திரும்ப வளராது என்பதை அவர் தெளிவா எழுதிவைத்தார். கிட்டத்தட்ட 280 வருசம் ஆகியும் அந்த முடிவை யாரும் முழுசா உடைக்கவில்லை.

இதுவரைக்கும் எல்லோர் மனசிலும் இருந்தது ஒரே படம்தான். மூட்டு என்பது கதவுக் கீல். திரவம் அதுக்குப் போடும் எண்ணெய். எண்ணெய் வத்தினால் கீல் தேயும். அம்மாயியும் டொக்டரும் சொன்ன 'தேய்மானம்' இந்தப் படத்திலிருந்து வந்த சொல்தான்.

ரெண்டு மாடு

அந்தப் படத்தில் முதல் விரிசல் 1846இல் விழுந்தது. ஜேர்மன் வைத்தியர் பிரெடரிக் ஃபிரெரிக்ஸ் இந்தத் திரவத்தை வேதியியல் முறையில் பகுத்துப் பார்த்தார். எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு, எவ்வளவு புரதம், எவ்வளவு சளிப்பொருள் என்று எடைபோட்டார். அதுக்கு அவர் எடுத்துக்கொண்டது மாட்டு மூட்டுகள். ஒன்னு தொழுவத்தில் கட்டிப் போட்டுத் தீனி போட்ட மாடு. இன்னொன்னு புல்வெளியில் நடந்து மேய்ந்த மாடு.

கீல் உவமை சரி என்றால் நடக்கிற மாட்டின் எண்ணெய்தானே குறைந்து கெட்டிருக்கணும்? கண்டது வேறு. நடந்த மாட்டின் திரவம்தான் கெட்டியாக இருந்தது. அதில் சளிப்பொருள் கட்டிப்போட்ட மாட்டினதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். சும்மா நின்ற மாட்டின் திரவம் நீர்த்துப் போயிருந்தது. அசைவு இந்தத் திரவத்தைச் செலவழிக்கவில்லை, மாறாகச் செழுமையாக்கியது. இயந்திரத்துக்குள் ஊற்றிய எண்ணெய் இப்படி நடந்துகொள்ளாது. உயிருள்ள ஒன்னுதான் இப்படிச் செய்யும்.

இந்தத் தேதியைப் படித்ததும் நாங்க கொஞ்சம் நின்றுவிட்டோம். 1840கள் என்பது மாத்தளை மலைகளில் காடு வெட்டிக் கோப்பி நட்ட காலம். தமிழ்நாட்டிலிருந்து நம்ம ஆக்கள் கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்த காலமும் அதுதான். மலைநாட்டின் வாசல் மாத்தளை. வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் பலர். வந்து சேர்ந்தவர்களுக்கு முன்னால் இருந்தது மலை ஏற்றம். அங்கே ஜேர்மனியில் ஒருத்தர் ரெண்டு மாட்டின் மூட்டை எடைபோட்டுக்கொண்டிருந்தபோது, இங்கே சுமார் 250 கிலோமீற்றர் நடந்து வந்த மூட்டுகளின் கணக்கு எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

200 வருச நினைவாக 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபயணம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதே பாதை. கடைசி நாட்களில் கால் வீங்கி நொண்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்தோம். நல்ல ரோட்டில், சப்பாத்து போட்டு, இடையிடையே தங்கி நடந்தவர்களுக்கே அப்படி.

நூல் ஏன் இழுபடுது

ஃபிரெரிக்ஸ் எடைபோட்ட அந்தச் 'சளிப்பொருள்' என்ன என்று தெரிய இன்னும் 90 வருசம் ஆனது. 1934இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜோன் பாமரும் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கண்ணாடித் திரவத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதில் புதுசா ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் அதில் இருந்த அமிலத்தின் பெயரையும் சேர்த்து 'ஹையலுரோனிக் அமிலம்' என்று பெயர் வைத்தார்கள். அஞ்சு வருசம் கழித்து, 1939இல், மேயர் குழு அதே பொருளை மாட்டின் மூட்டுத் திரவத்திலும் கண்டது.

இது ரெண்டு வகைச் சர்க்கரை அலகுகள் மாறி மாறி ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. சங்கிலிகள் நீளமாக, நெருக்கமாக இருந்தால் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அதனால்தான் சொட்டு நூலா இழுபடுகிறது. மூட்டு நோய் வரும்போது சங்கிலிகள் குட்டையாகும், வீக்கத்தால் திரவமும் நீர்த்துப்போகும், நூல் சீக்கிரம் அறும். டொக்டர் அம்மாயியின் சொட்டில் பார்த்தது இதைத்தான். எந்த இயந்திரமும் தேவையில்லாத, கண்ணால் செய்யும் வேதியியல் அது.

அடுத்த பெரிய வேலை பொஸ்டனில் நடந்தது. மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மரியன் ரோப்ஸ் என்ற பெண் வைத்தியரும் வோல்டர் பவரும் வருசக்கணக்காக மூட்டுத் திரவங்களைச் சேகரித்தார்கள். நோய் இல்லாத மூட்டு எப்படி இருக்கும் என்று தெரியாமல் நோயைப் பற்றிப் பேச முடியாதே! உயிரோடு இருக்கும் ஆரோக்கியமான ஒருத்தரின் முழங்காலில் ஊசி போடக் காரணமும் இல்லை. அதனால் இறந்து சிறிது நேரமே ஆனவர்களின் முழங்கால்களிலிருந்து எடுத்தார்கள். 1940இல் வெளியான முடிவு எளிமையானது, ஆனா பெரியது: மூட்டுத் திரவம் என்பது இரத்தத்தின் நீர்ப்பகுதி வடிகட்டி வந்தது, அதோடு மூட்டின் உள்சவ்வு தயாரிக்கும் ஹையலுரோனிக் அமிலம் சேர்ந்தது. 1953இல் நோய்வாரியாகத் திரவம் எப்படி மாறுகிறது என்று இருவரும் ஒரு புத்தகமே போட்டார்கள்.

இரத்தம் வடிந்து வருகிறது என்றால் என்ன அர்த்தம்? குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாயே கிடையாது. நரம்பும் கிடையாது. அதுக்கு வேண்டிய சாப்பாடு பெரும்பாலும் இந்தத் திரவம் வழியாத்தான் போகணும். குருத்தெலும்பு ஸ்பொஞ்ச் மாதிரி. காலை ஊன்றும்போது பிழிபட்டு நீர் வெளியே வரும், தூக்கும்போது திரும்ப உறிஞ்சும். நடந்தால்தான் அது சாப்பிடும். ஃபிரெரிக்ஸின் ரெண்டு மாட்டைப் போல, இதுவும் அசைவின் பக்கமே சாட்சி சொன்னது. 'முழங்கால் வலிக்குது, இனி அசையாம ஒரு மூலையில உக்காருங்க' என்று நாம பாசத்தில் வீட்டுப் பெரியவர்களைக் கட்டிப்போடுகிறோமே, அது தொழுவத்து மாட்டின் நிலைமை.

திரவத்தைப் பார்த்து நோய்களைப் பிரிக்கவும் இதே காலத்தில் கற்றுக்கொண்டார்கள். ஒரு மைக்ரோ லீற்றரில் வெள்ளை அணுக்கள் 200க்குக் கீழே என்றால் சாதாரண மூட்டு. 2,000க்குக் கீழே என்றால் பெரும்பாலும் நாம தேய்மானம் என்று சொல்லும் ஒஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ். அதுக்கு மேலே போனால் ருமட்டொயிட் போன்ற அழற்சி நோய்கள். 50,000ஐத் தாண்டினால் முதலில் கிருமித் தொற்றைச் சந்தேகிக்கணும், அது அவசர சிகிச்சைக்குரிய விசயம். 1961இல் பிலடெல்பியாவில் மக்கார்ட்டியும் ஹொலண்டரும் விசேட ஒளி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, கவுட் நோயாளிகளின் திரவத்தில் ஊசி மாதிரியான யூரிக் அமிலப் படிகங்கள் மின்னுவதைக் காட்டினார்கள். 'வாதம்' என்ற ஒரே பேரில் கிடந்த பல நோய்கள் இப்படி ஒரு சொட்டில் தனித்தனியாகப் பிரிந்தன. அம்மாயியின் சொட்டு டெஸ்ட்டுக்குப் போனதும் இதுக்குத்தான்.

கத்திரிக்கோலைத் தேடி

இப்போ நம்ம முதல் கேள்விக்கு வருவோம். குருத்தெலும்பு தேய்கிறதா?

அதுக்குப் பதில் கிடைத்தது 1992இல், மறுபடியும் இந்தத் திரவத்திலிருந்தே. குருத்தெலும்புக்கு ஸ்பொஞ்ச் குணத்தைத் தருவது அக்ரிகன் என்ற ஒரு பெரிய புரதம். போத்தல் கழுவும் பிரஷ் மாதிரி வடிவம். அதன் முட்கள் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மூட்டு கெடும்போது அக்ரிகன் துண்டுகள் திரவத்தில் வந்து மிதக்கும். அமெரிக்காவின் ஜோன் சாண்டியும், சுவீடனின் ஸ்டெஃபான் லொமாண்டரும், கூட இருந்தவர்களும் நோயாளிகளின் மூட்டுத் திரவத்திலிருந்து இந்தத் துண்டுகளை எடுத்து, அவற்றின் நுனியைப் படித்தார்கள்.

ஒரு பொருள் உரசித் தேய்ந்தால் தூள் எப்படி இருக்கும்? ஒழுங்கில்லாமல், கண்டபடி உடைந்திருக்கும். ஆனா இந்தத் துண்டுகள் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டிருந்தன. புரதம் என்பது அமினோ அமிலங்களின் வரிசை. வெட்டு விழுந்திருந்தது சரியா 373ஆவதுக்கும் 374ஆவதுக்கும் நடுவில். துணி நைந்து கிழிந்ததுக்கும் கத்திரிக்கோலால் நறுக்கியதுக்கும் வித்தியாசம் நமக்குத் தெரியாதா? இது நறுக்கியது.

அதைவிடச் சுவாரசியம், அதுவரை தெரிந்திருந்த கத்திரிக்கோல்கள், அதாவது புரதத்தை வெட்டும் நொதியங்கள், வேற இடத்தில் வெட்டுபவை. 341க்கும் 342க்கும் நடுவில். அப்படியென்றால் இன்னும் யாரும் பார்க்காத ஒரு கத்திரிக்கோல் மூட்டுக்குள் இருக்கணும். பார்க்காமலே அதுக்கு 'அக்ரிகனேஸ்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஏழு வருசம் கழித்து, 1999இல், அந்த நொதியம் உண்மையிலேயே பிரித்தெடுக்கப்பட்டது. 2005இல் அதே குடும்பத்து நொதியம் ஒன்றை மரபணுவிலேயே நீக்கிய எலிகளின் மூட்டுகள், காயப்படுத்தியும் மற்ற எலிகள் அளவுக்குக் கெடவில்லை என்று காட்டப்பட்டது.

இந்த நொதியங்களை உண்டாக்குவது வெளியிலிருந்து வந்த எதிரி இல்லை. குருத்தெலும்பில் இருக்கும் நம்ம சொந்தச் செல்களும், மூட்டுச் சவ்வின் செல்களும்தான். தாங்க முடியாத சுமை, பழைய காயம், அழற்சி, வயது, பரம்பரை என்று பல பக்கத்திலிருந்து நெருக்கும்போது அந்தச் செல்கள் கட்டுவதைக் குறைத்து, வெட்டுவதைக் கூட்டுகின்றன. அதனால்தான் மூட்டு வீங்குது. செருப்பு தேஞ்சா வீங்காது என்று பஸ்ஸில் நாங்க கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ஒஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்பது ஒரு பொருள் தேய்ந்துபோன கதை இல்லை. நெருக்கடிக்குள் மாட்டிய ஒரு உயிருள்ள உறுப்பின் கதை.

கத்திரிக்கோல் தெரிந்துவிட்டதே, அதைக் கட்டிப்போட மருந்து எங்கே என்று கேட்பீர்கள். முயற்சி நடந்தது. 900க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதிக்கப்பட்ட அப்படியொரு மருந்து குருத்தெலும்பு இழப்பைக் குறைக்கவில்லை என்ற முடிவு 2020இல் வந்தது. 'எண்ணெய் வத்திப்போச்சு, ஊத்துவோம்' என்ற பழைய யோசனையும் தனியாக ஒரு வியாபாரமா வளர்ந்தது. ஹையலுரோனிக் அமிலத்தை, பலகாலம் சேவல் கொண்டையிலிருந்து எடுத்து, முழங்காலுக்குள் ஊசியா போட அமெரிக்கா 1997இல் அனுமதி கொடுத்தது. 2022இல் பிரித்தானிய மருத்துவ இதழில் 169 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று, வெறும் போலி ஊசியோடு ஒப்பிட்டால் வலி குறைவது நோயாளி உணரக்கூடிய அளவுக்கு இல்லை என்றது. எங்க பக்கத்திலும் காசு சேர்த்து இந்த ஊசிக்கு ஓடுகிற குடும்பங்கள் இருக்கு. அவங்க இதைத் தெரிஞ்சுக்கணும் என்பதுக்காக எழுதுறோம்.

இன்றைய சிகிச்சை வழிகாட்டிகள் முதலில் சொல்வது, தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி, அளவான நடை, உடல் எடை கூட இருந்தால் குறைப்பது. ஃபிரெரிக்ஸின் மாடு 1846லேயே சொன்ன பக்கம்தான். ஆனா இதை இத்தோட முடித்தால் நாங்க பொய் சொன்னவங்களாவோம். அசைவு நல்லது என்றால், நாற்பது வருசம் அசைந்துகொண்டே இருந்த அம்மாயிக்கு ஏன் இந்த நிலைமை?

சுரங்கத்து முழங்காலும் தோட்டத்து முழங்காலும்

இந்தக் கேள்விக்குச் சொட்டுத் திரவம் மட்டும் போதாது, கணக்கெடுப்பு வேணும். அதைச் செய்தவர்கள் இங்கிலாந்தின் மன்செஸ்டரில் இருந்த ஜோனஸ் கெல்கிரனும் ஜோன் லோரன்ஸும். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், வேற உடலுழைப்பு வேலை செய்தவர்கள், அலுவலகத்தில் இருந்தவர்கள் என்று மூணு வகை ஆட்களை எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டு, 1952இல் முடிவை வெளியிட்டார்கள். முழங்கால் கேடு சுரங்கத் தொழிலாளர்களிடம் அதிகமாக இருந்தது. தாழ்வான சுரங்கத்தில் மண்டியிட்டு, குந்தியிருந்து, சுமையோடு வேலை செய்த முழங்கால்கள் அவை. முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்து இன்றும் உலகம் முழுக்க வைத்தியர்கள் போடும் தர எண்கள், இதே இருவர் 1957இல் வகுத்தவை. அம்மாயியின் படத்திலும் அந்த எண்தான் எழுதியிருந்தது.

அந்தக் கணக்கு பிறகு என்னவானது தெரியுமா? 2009இல் பிரித்தானிய அரசு, 10 வருசமோ அதுக்கு மேலோ நிலத்துக்கு அடியில் வேலை செய்த நிலக்கரித் தொழிலாளர்களின் முழங்கால் ஒஸ்டியோ ஆர்த்ரைட்டிஸை நட்டஈட்டுக்குரிய தொழில் நோயாக ஏற்றது. முதல் எக்ஸ்ரேக்கும் அந்த அறிவிப்புக்கும் நடுவில் 57 வருசம். தாமதம்தான். ஆனா யாரோ உட்கார்ந்து எண்ணி வைத்திருந்ததால்தான் அந்தத் தாமதமான நீதியும் சாத்தியமானது.

அசைவு வேறு, சுமை வேறு. பெர்லினில் ஒரு குழு, அளவெடுக்கும் கருவி பொருத்திய செயற்கை முழங்கால்களை அஞ்சு நோயாளிகளுக்கு வைத்து, உள்ளே எவ்வளவு பாரம் விழுகிறது என்று 2010இல் வெளியிட்டது. சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப்போல சுமார் 2.6 மடங்கு. படி ஏறும்போது சுமார் 3.2 மடங்கு. இறங்கும்போது சுமார் 3.5 மடங்கு. இதை அம்மாயிகிட்ட வாசித்துக் காட்டினோம். "இதுக்கு மெசினு வேணுமா? ஏறுறது மூச்சு வாங்கும், எறங்குறதுதான் காலு வாங்கும்," என்றார்.

இப்போ எல்கடுவ, இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலை மலைகளை யோசிங்க. காலையில் பெரட்டு, பிறகு ஏற்றம். பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு 18 கிலோ கொழுந்து. மழை நாளில் நனைஞ்ச கொழுந்தின் பாரம் தனி. நிறுவைக்குக் கூடையோடு இறக்கம், திரும்ப ஏற்றம். பாதை என்பது வழுக்கும் மண்ணும் கல்லும். லயத்துக்கு வந்தால் தண்ணிக்கு ஒரு நடை, விறகுக்கு ஒரு நடை, அடுப்படியில் குந்தியிருப்பது. உலகத்தில் 2019இல் இந்த நோயோடு இருந்தவர்கள் சுமார் 52 கோடியே 80 லட்சம் பேர், அவர்களில் 60 சதவீதம் பெண்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பெண்களில் நம்ம அம்மாயிகளும் அடக்கம்தான். ஆனா 'எந்த மலையில், எவ்வளவு சுமை, எத்தனை வருசம்' என்று அம்மாயிகிட்ட அவர் வேலை செஞ்ச காலம் முழுக்க ஒருத்தரும் கேட்டதில்லை.

'தேய்மானம்' என்ற சொல் செய்யும் வேலை இதுதான் என்று இப்போ எங்களுக்குப் படுது. தேய்வது இயற்கை, வயசானால் தேயும், யாரையும் கேள்வி கேட்க ஒன்னுமில்லை. ஆனா மூட்டுத் திரவத்தின் 180 வருச வேதியியல் வேற மாதிரிச் சொல்லுது. மூட்டு அசைவில் சாப்பிடுகிறது, ஓய்வில் தேறுகிறது, தாங்க முடியாத சுமையை ஓயாமல் ஏற்றினால் தன்னையே வெட்டத் தொடங்குகிறது. எவ்வளவு சுமை, எப்போ ஓய்வு, எப்படிப்பட்ட பாதை என்பதை முடிவு செய்தது அம்மாயி இல்லை. அந்த முடிவுகளுக்கும் அந்த முழங்காலுக்கும் தொடர்பு இருக்கா என்று கேட்பது நியாயமான கேள்வி. கேட்க வேண்டுமானால் முதலில் கணக்கு வேணும்.

நாங்க விஞ்ஞானிகள் இல்லை. எக்ஸ்ரே இயந்திரமும் எங்ககிட்ட இல்லை. ஆனா கெல்கிரனும் லோரன்ஸும் எக்ஸ்ரேயோட சேர்த்து ஆட்களிடம் கேட்ட கேள்விகள் காசில்லாமல் கேட்கக்கூடியவை. ஒரு கொப்பியில் அஞ்சு கேள்வி எழுதியிருக்கோம். எத்தனை வயசில் வேலைக்குப் போனீங்க? எந்தெந்த மலை? ஒரு நாளைக்கு எவ்வளவு சுமந்தீங்க? எந்தக் கால் முதலில் வலிச்சது, எந்த வயசில்? வலிச்ச பிறகும் எத்தனை வருசம் வேலை செஞ்சீங்க? பேர் எழுதுவதில்லை. விருப்பமில்லாதவர்களைக் கேட்பதுமில்லை. இதை ஆராய்ச்சி என்று சொல்லவும் மாட்டோம். நாளைக்கு ஒரு ஆராய்ச்சியாளர் இந்தப் பக்கம் வந்தால், தொடங்குவதற்கு ஒரு இடம் இருக்கட்டும் என்றுதான். உங்க வீட்டிலும் ஒரு கொப்பி இருந்தால் எழுதி வையுங்க.

முதல் பக்கம் அம்மாயியுடையது. பதினாலு வயசில் பேர் பதிஞ்சது. மூணு மலை. வலது கால் முதலில், நாற்பத்தி ரெண்டு வயசில். அதுக்குப் பிறகும் பன்னிரண்டு வருசம் வேலை. எழுதி முடித்ததும், "இத கேக்கவா இவ்ளோ நேரம் உக்கார வச்சீங்க," என்று சொல்லிக்கொண்டே கதவு நிலையைப் பிடித்து எழுந்தார். தினமும் பத்து தடவை நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லியிருக்காங்க. அன்றைக்கு ஆறு தடவை எழுந்தார். எண்ணினது பேத்தி.